ஊர் நேரத்தில் பார்த்த பழைய வண்டி

விடையேறி வரும் பெருமானை வணங்கித் தொடங்குகிறேன். வெள்ளானையும் பொற்றேரும் தேவர்கள் கொண்டுவந்து நிறுத்தியிருக்க, மூத்த எருது ஒன்றையே தனக்கு ஊர்தியாகக் கொண்டவன் அவன். அதன் கொம்பின் முறிவையும் நடையின் தளர்ச்சியையும் பாராமல், சுமக்கும் குணம் ஒன்றையே பார்த்து ஏறி அமர்ந்தவன். பாலை நாட்டில் பழைய மோட்டார் வண்டி தேடி அலைந்த கதையைச் சொல்லவரும் எளியேனுக்குச் சொல்லும் அவனே தருக; அச்சொல்லில் பொய் கலவாதிருக்கக் காவலும் அவனே ஆகுக.

இதை எழுதத் தொடங்கும் இன்று தைத் திங்கள், வளர்பிறைப் பஞ்சமி, உத்திரட்டாதி கூடிய வியாழக்கிழமை. நல்ல நாள். நான் சொல்லப்போவதும் ஒரு தை மாதத்தில் நடந்ததுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் துபாயை அடுத்த ஜெபல் அலித் துறைமுகத்தை ஒட்டிய, ஃப்ரீ ஸோன் எனப்படும் தீர்வையற்ற வணிகப் பகுதியில், ஒரு சரக்குக் கிடங்கின் மேற்பார்வையாளனாக இருந்தேன். பல ஆண்டுகள் நான்கு பேர் தங்கும் அறையில் காலங்கழித்த பிறகு, கம்பெனி எனக்கு இரண்டறைக் குடியிருப்பு ஒன்றைக் கொடுத்தது. என் மனைவியும் மகளும் தென்காசியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். மணமான பின் நாங்கள் ஒரே கூரையின் கீழ் ஓராண்டு முழுவதும் தொடர்ந்து வாழ்ந்தது அதுவே முதல் முறை. காலையில் சமையலறையில் பாத்திரம் உருளும் ஓசையைக் கேட்டு விழிப்பதே ஒரு திருப்பள்ளியெழுச்சியாக எனக்குத் தோன்றிய காலம் அது.

அந்த மார்கழியில், மகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற வேன்காரர் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். பள்ளி துபாய் நகருக்குள் இருந்தது. எங்கள் குடியிருப்போ நகரைவிட்டு வெகுதூரம். எங்கள் பக்கத்திலிருந்து ஏறும் பிள்ளைகள் குறைந்துவிட்டதால், ஏப்ரலில் புதிய வகுப்பு தொடங்கும்போது வேன் இவ்வளவு தூரம் வராது என்றார். நகருக்குள் வீடு பிடிக்க என் சம்பளம் இடங்கொடுக்காது. அன்றாடம் டாக்சி வைப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. எனக்குச் சொந்தமாக ஒரு வண்டி இருந்தாலன்றி மகளின் படிப்பு அங்கே நடக்காது. அது நடக்காவிட்டால் மனைவியும் மகளும் ஊர் திரும்ப வேண்டியதுதான். தென்காசியில் என் மைத்துனர் ஒரு பள்ளியில் இடம் கேட்டு வைத்துவிட்டு, தை முடிவதற்குள் உறுதியான பதில் வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

ஓட்டுநர் உரிமம் என்னிடம் இருந்தது. அதை வாங்கப் பட்டபாடு தனிக் கதை. அந்நாட்டில் அத்தேர்வில் தோற்பது யாருக்கும் வெட்கமான செயலன்று. ஆனால் நான் ஒருமுறை தோற்றது மிகவும் மெதுவாக ஓட்டியதற்காக. பக்கத்தில் அமர்ந்திருந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதும், "யல்லா, யல்லா" என்று, சீக்கிரம் என்ற பொருளில், முணுமுணுத்ததும் இன்றும் நினைவில் இருக்கின்றன.

கையிலிருந்த பணம் ஒரு பழைய வண்டிக்குத்தான் போதும். அது பழுதாக வாய்த்துவிட்டால் இன்னொன்று வாங்கவோ, பெரிய பழுது பார்க்கவோ வழியில்லை. ஆகவே ஒரே முறையில் சரியாகத் தேர்ந்தாக வேண்டும். கிடங்கில் என்னோடு வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெரும்பாலோர் சொன்னது, நான்கு சக்கரமும் இழுக்கும் உயரமான ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாங்கு என்பதுதான். வெள்ளிக்கிழமைகளில் மணற்குன்றுகளின் மேல் ஏறி இறங்கி விளையாடுவதற்கு அப்படிப்பட்ட வண்டிகளை அவர்களிற் சிலர் வைத்திருந்தார்கள். அந்த வண்டி ஒன்று மணலைக் கிழித்துக்கொண்டு குன்றின் முகட்டில் ஏறி நிற்பதை நானும் ஒரு மாலையில் பார்த்து வியந்திருக்கிறேன். எனக்கும் ஆசை இல்லாமலில்லை.

துபாயின் கடைவீதிப் பகுதியான தேய்ராவில் துணிக்கடை வைத்திருந்த காயல்பட்டினத்து நண்பர் ஒருவரிடம் அந்த ஆசையைச் சொன்னேன். அவர் என்னைவிட மூத்தவர். அவர்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் என்ற பொருளில் நான் அவரைக் காக்கா என்பேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர் என்னை அண்ணாச்சி என்பார். வண்டி வாங்குவதும் சில காலம் ஓட்டி விற்பதும் அவருக்குக் கடைக்கு அடுத்தபடியான இன்பம். நான் சொல்லி முடிக்கும்வரை துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணாச்சி, வண்டிய அப்புறம் பாப்போம். நீங்க எப்படி ஓட்டுவீங்க, அதச் சொல்லுங்க."

"மெதுவா ஓட்டுவேன் காக்கா."

"மெதுவான்னா எம்புட்டு மெதுவா?"

"பின்னால வாறவன் லைட்ட லைட்ட அடிப்பான்."

"மணல்ல ஏறுவீங்களா?"

"நீங்க கூட வந்தா ஏறுவேன்."

"நான் வரமாட்டேன். அப்ப அந்தப் பேச்சு கலாஸ்," என்று, 'முடிந்தது' என்னும் அரபிச் சொல்லோடு மடித்த துணியை அடுக்கில் வைத்தார்.

பிறகு நிதானமாக விளக்கினார். என் போக்குவரத்து பள்ளிக்கும், காய்கறிச் சந்தைக்கும், வெள்ளிக்கிழமையில் பர்துபாய்க் கோயிலுக்கும். அதற்கு அந்த உயரமான வண்டி பெட்ரோல் குடிக்கும் பிராணி. அதன் டயர் ஒன்றின் விலைக்குச் சிறிய வண்டியின் இரண்டு டயர் வரும். ஆண்டுதோறும் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய்த் தேர்ச்சி பெற வேண்டும். அதை எல்லாரும் பாசிங் என்பார்கள். மணலில் ஆடிய வண்டிக்கு அந்தப் பாசிங் ஒவ்வொரு முறையும் ஒரு கண்டம். அவர் சொன்னதை மனம் ஒப்பினாலும் கண் ஒப்பவில்லை. வண்டி ஒன்றைப் பார்த்தாவது வருவோம் என்று வற்புறுத்தினேன். அழைத்துப் போனார். மேலே பளபளப்பாகத்தான் இருந்தது. காக்கா காலடி விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அதன் அடியில், கூடு கட்டியதுபோல் செம்மணல் குவிந்திருந்தது. கதவின் உட்புறத்தை அவர் தட்டியபோது அங்கும் மணல் சரியும் ஒலி கேட்டது. நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதன்பின் எங்கள் தேடல் சிறிய ஜப்பானிய வண்டிகளோடு நின்றது. கியர் போட்டு ஓட்டுவதாக இருக்க வேண்டும். ஏனெனில் நான் பழகியது அதில். வெயிலில் நெரிசலில் நிற்கும்போது ஏ.சி. போட்டும் எஞ்சின் சூடேறாதிருக்க வேண்டும். கதவின் ரப்பர் விளிம்பைப் புரட்டிப் பார்த்தால் உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். இரண்டு நிறம் தெரிந்தால் எங்கோ மோதி, மறுபடி சாயம் பூசிய வண்டி. டயர் மொழுமொழுவென்று புதிதாகத் தோன்றினாலும் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் அந்த நாட்டு வெயிலில் நடுவழியில் வெடித்துவிடும். இவற்றையெல்லாம் காக்கா சொல்லச் சொல்ல நான் மனப்பாடம் செய்தேன். பதிகங்களை ஓதி ஓதி மனத்தில் பதித்த பழக்கம் எனக்கு அங்கே கைகொடுத்தது.

மார்கழியில் வாகனம் வாங்க என் மனைவி இசையவில்லை. தை பிறந்த பின் வந்த ஒரு வெள்ளிக்கிழமையில் வெள்ளை வண்டி ஒன்றைப் பார்க்க ஏற்பாடாயிற்று. பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி விற்கும் மைதானத்தில் ஒரு வியாபாரியிடம் அது இருந்தது. முன்னரே காக்கா தனியாகப் போய்ப் பார்த்து, விலையையும் என் எல்லைக்குள் இறக்கி வைத்திருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, போய்ப் பணத்தைக் கொடுத்து எடுத்துவர வேண்டியதுதான் என்று அவர் சொன்னபோது, என் மனைவி அன்றிரவே மைத்துனருக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். வண்டி வாசலில் நிற்கட்டும், பிறகு சொல்லலாம் என்றேன். அவள் ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கத்தைப் புரட்டினாள்.

"அத்தான், நாளைக்கு ஒம்பதே முக்கால் வரைக்கும் மரணயோகம். அதுக்கு முன்னால ஒரு துட்டு கொடுத்துராதீங்க. சாவியத் தொடவே தொடாதீங்க. அதுக்கப்புறம் சித்தயோகம். கிழக்க பாத்து உக்காந்து நீங்களே ஸ்டார்ட் பண்ணணும்."

அப்படியே செய்கிறேன் என்றேன்.

மறுநாள் எட்டு மணி கடந்து சிறிது நேரத்தில் மைதானத்தை அடைந்தோம். குளிர்காலம் ஆதலால் கடற்காற்று இதமாக வீசிக்கொண்டிருந்தது. வெள்ளை வண்டி கழுவித் துடைக்கப்பட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டே எங்களுக்காகக் காத்து நின்றது. அதன் ஓசை ஒரு குழந்தையின் மூச்சுப்போல் சீராக இருந்தது. காக்கா ஏறி மைதானத்தைச் சுற்றி ஓட்டி வந்தார். பிரேக் நன்று, கியர் நன்று, ஏ.சி. பனிபோல் வீசுகிறது என்றார். என்னையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒம்பதே முக்கால் ஆகட்டும் காக்கா. வீட்ல சொல்லிருக்கா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வியாபாரி இந்தியில் பணத்தைக் கேட்டார். முன்பணமாவது கொடுங்கள், இன்னொருவர் இதே வண்டியைப் பார்க்க வருகிறார் என்றார். காக்கா என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"அந்தாளு வந்து தூக்கிட்டுப் போயிட்டா என்ன செய்வீங்க? உங்க சாமிக்கு வெள்ளிக்கிழமை லீவு கிடையாதா?"

வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கப்போகும் மனைவியையும், பள்ளிச் சீருடையில் மகளையும் நினைத்தேன். பணம் சட்டைப் பைக்குள் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயினும் சொன்ன சொல்லை மீற மனம் வரவில்லை. மிகுந்த பணிவோடு மறுத்துவிட்டேன். வியாபாரி தோளைக் குலுக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்திச் சாவியைத் தம் பையில் போட்டுக்கொண்டு வேறு ஆட்களைக் கவனிக்கப் போனார்.

மைதானத்தின் எதிரே இருந்த சிறிய கஃபெட்டேரியாவில் உட்கார்ந்தோம். காக்கா பால் கலவாத சுலைமானித் தேநீரை வாங்கி வாங்கிக் குடித்தார். நண்பகல் ஜும்ஆத் தொழுகைக்குள் தேய்ரா திரும்ப வேண்டும் என்று அடிக்கடி நினைவுபடுத்தினார். இடர் நீங்க அடியார் பாடிய பதிகம் ஒன்றை நான் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தேன். இடையில் உயரமான ஒருவர் உண்மையாகவே வந்து வெள்ளை வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். வியாபாரியோடு நெடுநேரம் பேசினார். எனக்குப் பதிகத்தின் அடி மறந்துபோயிற்று. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவர் விலை படியாமல் அடுத்த வரிசைக்குப் போனதும் காக்கா ஒரு நீண்ட மூச்சு விட்டு, "இனிமே உங்க கூட வண்டி வாங்க வந்தா என்னச் செருப்பாலடிங்க," என்றார்.

என் கைக்கடிகாரம் ஒன்பதே முக்கால் காட்டியதும் எழுந்தோம். வண்டி கிழக்குப் பார்த்து நிற்கவில்லை. வியாபாரியின் ஆட்கள் இருவர் சிரித்துக்கொண்டே தள்ளித் திருப்பி நிறுத்தினார்கள். நான் வலது காலை முதலில் வைத்து ஏறி, கண்மூடி ஐந்தெழுத்தைச் சொல்லிச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உடனே பற்றவில்லை. இரண்டாம் முறை இருமிக்கொண்டு பற்றியது. உள்ளிருந்து கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவதுபோல் ஓர் ஓசை எழுந்தது. பின்புறம் நின்ற காக்கா கையைத் தூக்குவது கண்ணாடியில் தெரிந்தது. அவரைச் சுற்றி நீலப் புகை, சாம்பிராணி போட்டதுபோல் மெல்லச் சுருண்டு எழுந்தது.

சிறிது நேரத்தில் ஓசை அடங்கியது. புகையும் நின்றது. காலையில் நான் கேட்ட அதே குழந்தை மூச்சு மறுபடியும் வந்துவிட்டது. குளிர் நாளில் எல்லா வண்டியும் இப்படித்தான் என்றார் வியாபாரி. காக்கா அவரோடு வாதிடவில்லை. புகைக்குழாயின் வாய்க்குள் ஒரு காகிதத்தை விட்டுத் துடைத்து எடுத்து என்னிடம் காட்டினார். அது எண்ணெயில் நனைந்து கறுத்திருந்தது.

"கலாஸ் அண்ணாச்சி. இறங்குங்க."

இறங்கினேன்.

திரும்பும் வழியில்தான் அவர் விவரித்தார். அந்த எஞ்சினுக்குள் எண்ணெய் கசிந்து இறங்குகிறது. சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது அது தெரியாது. சற்று நேரம் நின்று ஆறிய பிறகு கிளப்பினால்தான் தட்டும் ஓசையும் நீலப் புகையும் வெளிப்படும். அதைப் பிரித்துச் சரிசெய்ய ஏறத்தாழ வண்டியின் பாதி விலை ஆகும். பள்ளி திறக்கும் நாளில் அது ஒர்க்ஷாப்பில்தான் நின்றுகொண்டிருந்திருக்கும்.

"நான் மொத நாள் போனப்பவும் சூடாத்தான் வச்சிருந்தான். பானட்டத் தொட்டுப் பாத்தேன். இப்பத்தான் கழுவி எடுத்துட்டு வந்தேன்னான், நம்பிட்டேன்."

"இப்படியும் ஏமாத்துவாங்களா காக்கா?"

"நான் வித்தாலும் சூடாக்கித்தான் வைப்பேன் அண்ணாச்சி," என்று கூசாமல் சொல்லிவிட்டு, வெகுநேரம் சிரித்தார். சிரித்து முடித்துப் படைத்தவனைப் புகழ்ந்து அரபியில் ஏதோ சொன்னார். நானும் என் இறைவனை நினைத்தேன். வண்டி கிடைக்காத வருத்தத்தைவிட, தப்பித்த ஆறுதலே எங்கள் இருவருக்கும் பெரிதாக இருந்தது.

வீட்டில் மனைவி ஆரத்தித் தட்டும் எலுமிச்சம்பழமுமாகக் கதவைத் திறந்தாள். வாசலில் வண்டியைக் காணாமல் என் முகத்தைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். ஒன்பதே முக்கால்வரை காத்திருந்ததை மிகவும் பெருமையாகவே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தவள், நடுவில் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே சுவரில் ஒரு கடிகாரத்தை அவள் எப்போதும் இந்திய நேரத்தில் வைத்திருப்பாள். ஊருக்குத் தொலைபேசியில் பேசுவதற்கும், நாள் பார்ப்பதற்கும், அம்மா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைப்பதற்கும் அவளுக்கு அந்தக் கடிகாரம்தான். வளைகுடாவில் குடும்பமாக இருந்த பல வீடுகளில் அப்படி ஒன்று உண்டு.

"அத்தான், நான் சொன்னது ஊர் நேரம்லா. பஞ்சாங்கத்துல ஊர் நேரந்தான போட்டிருக்கும். இங்கத்துக் கணக்குக்கு எட்டேகாலுக்கே முடிஞ்சிருக்குமே."

ஒன்றரை மணி நேர வித்தியாசத்தைக் கழிக்காமல் நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். அவள் கணக்கின்படி நடந்திருந்தால், நாங்கள் போய் இறங்கியவுடனே, சூடான எஞ்சினின் சீரான ஓசையைக் கேட்டுக்கொண்டே, நல்ல யோகத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்திருப்பேன். இதைச் சொன்னபோது அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு தோள்கள் குலுங்கச் சிரித்தாள். மகள் ஓடிவந்து, "வாட் ஹேப்பன்ட் அப்பா?" என்றாள். நான் சமையலறைச் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினேன்.

பஞ்சாங்கம் பொய்த்ததா என்று பின்னாளில் ஓர் அன்பர் என்னைக் கேட்டார். நான் அப்படிக் கருதவில்லை. பஞ்சாங்கம் தன் கணக்கைச் சரியாகவே சொன்னது. அதைப் பிழையாகப் படித்த எங்கள் கணக்கையும் திருவருள் தள்ளிவிடாமல் எடுத்துக்கொண்டது. அடியார்களின் பாடல்களில் குழறிய சொல்லையும் இறைவன் பாட்டாக ஏற்பதாக வருமன்றோ; அதை அதுவரை ஓதியிருந்தேன், அன்றுதான் உணர்ந்தேன்.

ஆனாலும் வண்டி இன்னும் கிடைக்கவில்லை. தை தேய்ந்துகொண்டிருந்தது. மைத்துனர் மறுபடி பேசினார். பள்ளியில் இடத்தை அதிக நாள் பிடித்துவைக்க முடியாது என்றார். மனைவி அவரிடம் பேசிவிட்டு, பரண்மேல் இருந்த பெட்டிகளை எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தாள். நான் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில் துபாயைவிட்டுப் போகிறவர்கள், கட்டில், குளிர்பெட்டி, கார் என்று விற்பதற்கு உள்ளவற்றைத் துண்டுத் தாளில் எழுதிச் சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் பலகையில் குத்தி வைப்பார்கள். நகரின் கராமா பகுதியில் ஒரு பலகையில் காக்கா அப்படி ஒரு தாளைக் கண்டார். விற்பவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். மனைவியோடு கனடாவில் குடியேறப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். காக்கா தொலைபேசியில் அவரிடம் ஒரே நிபந்தனைதான் விதித்தார்: நாங்கள் வந்து சேரும்வரை வண்டியைக் கிளப்பக் கூடாது. ஒன்றரை மணி நேரக் கணக்குப் பிழையை முன்பே கேட்டுச் சிரித்திருந்தவர், என்னிடம் திரும்பி, "இனிமே நான் யாருக்கு வண்டி பாத்தாலும் உங்க கைக்கடிகாரப்படிதான்," என்றார்.

விடிந்தவுடன் போனோம். நீல நிறச் சிறிய வண்டி; கூரைச் சாயம் வெயிலில் வெளுத்திருந்தது. காக்கா பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். பனி பூத்துச் சில்லென்றிருந்தது. உரிமையாளர் லுங்கியோடு இறங்கி வந்தார். நாங்கள் கேட்பதற்கு முன்பே தம் வண்டியின் குறைகளைத் தாமே சொல்லத் தொடங்கினார்.

"பின்பக்கம் இடது ஜன்னல் இறங்காது அண்ணை. ஏ.சி. குளிர் தாறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஒரு டயர் பழசு. மற்றபடி எஞ்சின் நல்ல எஞ்சின். நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ."

நான் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் எழுந்தது. காக்கா பின்புறம் குனிந்து நின்றார். புகையைக் காணவில்லை. கதவு ரப்பர்களைப் புரட்டினார், விரிப்பைத் தூக்கினார், பிறகு எங்களை ஏற்றிக்கொண்டு நகர நெரிசலில் வேண்டுமென்றே மெல்ல மெல்ல ஊர்ந்தார். வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டவில்லை. அதன்பின் உரிமையாளர் ஓட்டிக் காட்டினார். அவர் ஓட்டியதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! அவர் என்னைவிட மெதுவாக ஓட்டுபவர். வலப்புறமாக ஒதுங்கி, முன்னால் போகும் தண்ணீர் லாரிக்கு மரியாதையான இடைவெளி விட்டு, பின்னால் விளக்கடிப்பவர்களைப் பொருட்படுத்தாமல் போனார். இந்த வண்டி என் நடைக்குப் பழகிய வண்டி என்று எனக்குத் தோன்றிவிட்டது.

எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டார். பள்ளியையும் வேனையும் பற்றிச் சொன்னேன். என்னால் கொடுக்கக்கூடியதைச் சொன்னேன். அது அவர் கேட்டதற்குக் குறைவு. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"சரி அண்ணை, எடுங்கோ. நான் போற இடத்தில பனிக்கு மேல ஓடுற மோட்டார் வண்டியெல்லாம் இருக்காம். அங்க போய் அதில ஒண்டு பழசாப் பாத்து வாங்கவேணும்."

"அதுலயும் எஞ்சினத் தொட்டுப் பாருங்க," என்றார் காக்கா. "அந்த ஊர்ல சூடா இருந்தா உடனே தெரிஞ்சிரும்."

உரிமையாளர் சிரித்தபோது கண்கள் கலங்கியிருந்தன. ஊரிலிருந்து ஒரு முறை பெயர்ந்து வந்தவர், அங்கிருந்து மறுமுறை பெயர்கிறார்.

முல்கியா என்னும் வண்டி உரிமைச் சீட்டு என் பெயருக்கு மாறுவதற்குமுன் பாசிங் ஆக வேண்டும். பழைய டயரை மாற்றிவிட்டுச் சோதனை நிலையத்துக்குப் போனோம். வண்டியை உள்ளே விட்டுவிட்டு வெளியே நின்ற நேரம், மகப்பேற்று அறைக்கு வெளியே நின்ற நேரத்தைப்போல் இருந்தது. அதிகாரி அடியில் குனிந்து பார்த்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், பிரேக்கைப் பரிசோதித்தார். தாளில் முத்திரை விழுந்த ஓசையை நான் கோயில் மணி என்றே கேட்டேன். காக்கா தாளை வாங்கிப் பார்த்து, "பாஸ்," என்று ஒரே சொல் சொன்னார்.

குடியிருப்பின் முன் வண்டியை நிறுத்தி, மனைவி சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். காற்றில் கற்பூரம் நிற்கவில்லை. காக்கா தம் உடம்பை மறைப்பாகக் கொடுத்து நின்றார். சக்கரம் பழங்களை நசுக்கி உருண்டதும், சாவியை ஒருமுறை தாம் வாங்கி, பிஸ்மில்லா சொல்லி என் கையில் திருப்பி வைத்தார். அன்று மாலையே மனைவியை அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு தொலைபேசிக் கூண்டுக்குப் போனேன். அவள் அட்டையைச் செருகி, தன் அண்ணனிடம், "அந்த இடத்த வேற பிள்ளைக்கு குடுக்கச் சொல்லிருண்ணே, நாங்க வரல," என்றாள். நலம் விசாரித்துவிட்டு வைத்தாள். கூண்டைவிட்டு வெளியே வந்து, வண்டிக்குள் ஏறாமல், அதன் வெளுத்த கூரையின்மேல் கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள்.

ஏப்ரலில் பள்ளி திறந்தது. முதல் நாள் காலையில் மூவரும் புறப்பட்டோம். துறைமுகத்திலிருந்து சரக்குப் பெட்டக லாரிகள் எங்களைத் தாண்டி இரைந்துகொண்டு போயின. மகள் பின்னால் திரும்பி முழங்காலிட்டு, விளக்கடிக்கும் வண்டிகளுக்கெல்லாம் கையசைத்தாள். பள்ளி வாசலில் இறங்கி, பையை மாட்டிக்கொண்டு, ஒருமுறைகூடத் திரும்பிப் பாராமல் தோழிகளோடு உள்ளே ஓடினாள். மணி அடிக்கும்வரை நாங்கள் வண்டிக்குள்ளேயே இருந்தோம். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. மனைவி ஒரு பாடலை மெல்ல எடுத்தாள். நான் அடுத்த அடியைப் பிடித்தேன். பிறகு வீடு திரும்பினோம். மாலையில் மறுபடி அழைக்க வந்தோம். அதன்பின் பல ஆண்டுகள் அப்படியே வந்தோம்.

இதைப் படிக்கும் அனைவரும் வாழ்க. நீங்கள் ஏறும் ஊர்தி நடுவழியில் நில்லாதிருக்க. உங்கள் பிழையும் உங்களுக்குத் துணையாக முடிக. உங்கள் வீட்டார் உங்களைப் பிரியாமல் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி இருக்க, எல்லாம் வல்ல பெருமான் அருள் புரிக.